பொக்லைன் விட்டுப்போன திட்டு

எங்கள் தோட்டத்தின் கீழ்க்கோடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் தாழ்வான இடம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அதற்குச் ‘சேத்துக்குழி’ என்று பெயர். மதிப்பாக வைத்த பெயர் அல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவர் எனக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். கிணற்றடியில் நின்றார், மஞ்சள் வயலில் நின்றார், தென்னை வரிசையின் முனையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்று வரிசை எவ்வளவு நேராக இருக்கிறது என்று என்னையும் பார்க்கச் சொன்னார். கீழ்க்கோடிக்கு வந்ததும் கையை லேசாக ஆட்டி, "அது ஒண்ணுமில்ல, வெறுஞ் சேறு" என்று சொல்லித் திரும்பிவிட்டார். படிப்பு ஏறாத தம்பியை விருந்தாளியின் கண்ணில் படாமல் உள்ளே அனுப்புவது போல இருந்தது.

தோட்டம் சென்னிமலைக்குக் கொஞ்சம் கிழக்கே. மேட்டில் வாய்க்கால் போகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கரைக்கு அடியில் கசிந்து மண்ணுக்குள்ளேயே இறங்கி வரும் நீரை எங்கள் பக்கம் ஓரம்பு என்பார்கள். அது தாழ்வான இடமாகப் பார்த்துத் தலைகாட்டி அங்கேயே தங்கிவிடும். வாய்க்கால் ஓரத்தில் வரிசையாக இருக்கும் தோட்டங்களில் ஒரு காலத்தில் எல்லோருக்குமே ஒரு சேத்துக்குழி இருந்ததாம். நான் வந்து சேர்வதற்குள் பாதிப்பேர் வடிகால் வெட்டித் தண்ணீரைப் பள்ளத்தில், அதாவது கீழே ஓடும் சிற்றோடையில், இறக்கிவிட்டார்கள். மீதிப்பேர் என் கண் முன்னால் ஒவ்வொருவராக வெட்டினார்கள். இந்தச் சனங்களின் உழைப்பைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான். கல்லும் கொழுஞ்சிச் செடியுமாகக் கிடந்த மேட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், தண்ணீர் தேங்கிய தாழ்விலிருந்து அதை வெளியேற்றினார்கள். இரண்டையும் ஒரே தலைமுறையில், ஒரே மண்வெட்டியால் செய்தார்கள்.

கடைசியில் எங்களுடையது மட்டும் மிச்சம். என் கணவருக்கு அது பெரிய தலைக்குனிவு. அவர் வரப்பில் ஒரு அருகம்புல் தெரிந்தால் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய்ப் பிடுங்கிவிட்டு வருகிற ஆள். கல்யாண வீடுகளில் சொந்தபந்தங்களான ஒறம்பரைக் கூட்டம் சேர்ந்தால், யாராவது ஒருவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, இன்னும் அந்தச் சேற்றை வைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா என்று வெகு மரியாதையாகக் கேட்பார். எங்கள் ஊரில் மரியாதையாகக் கேட்டால்தான் அதிகம் வலிக்கும். அவர் சிரித்துச் சமாளித்துவிடுவார்.

நானும் அவர் கட்சிதான். நான் பிறந்தது கோவையில், ஒரு பெரிய குளத்தின் கரையில். குளம் என்று சொன்னாலே எனக்கு முதலில் மூக்குதான் சுருங்கும். ஊரின் சாக்கடையெல்லாம் அதில்தான் விழும், ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும், பொழுது சாய்ந்தால் கொசு ஆளைத் தூக்கும். இப்போது அந்தக் குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, மனிதர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள வளைவெல்லாம் கட்டியிருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரை முழுக்கக் கல் பதித்துவிட்டதால், காலை நனைத்துக்கொண்டு இரை தேடும் பறவைக்கு நிற்க இடம் இல்லை. இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது.

என்னைச் சேத்துக்குழியிடம் கொண்டுபோய் விட்டது சர்க்கரை வியாதி. தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரோட்டில் நடந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள்ளுங்கள் என்பார்கள். கொங்கு நாட்டில் ஒரு பொம்பளை சும்மா நடக்கிறாள் என்று யாரும் நம்பமாட்டார்கள். அதனால் தோட்டத்துக்குள்ளேயே நடந்தேன். வீட்டிலிருந்து கீழே இறங்கி, சேத்துக்குழியின் கரையைச் சுற்றி, மோட்டார் ரூம் வழியாக மேலே ஏறினால் ஒரு சுற்று. மோட்டார் ரூமுக்குக் குறுக்குவழியும் அந்தக் கரைதான்.

முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தேன். பிறகு ஒரு நாள் கையை எடுத்துவிட்டேன், ஏனென்றால் நாற்றமே இல்லை. ஈர மண்ணின் வாசனையும் கோரைப்புல்லின் வாசனையும்தான் வந்தன. நாறியது நான் பிறந்த ஊரின் சாக்கடை. அந்தப் பழியைத் தூக்கி இத்தனை வருடம் தேங்கிய தண்ணீரின் தலையில் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு கண் திறந்துவிட்டது. சம்புப் புதருக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி ஒன்று, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குத் தாமதமாகிவிட்டவள் மாதிரி, நீளநீளக் கால்விரல்களைத் தூக்கி வைத்துப் போகும். முக்குளிப்பான் நம்மைக் கண்டதும் முழுகும், நாம் எதிர்பார்க்காத இடத்தில் தலையை நீட்டும். குருட்டுக்கொக்கு அசையாமல் நின்று என்னையே ஏமாற்றும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே தட்டான்கள் பறந்துகொண்டே கொசுவைப் பிடித்துத் தின்னும். படத்தைப் பிடித்துப் பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்கு அனுப்புவேன், அவள் பேரைக் கண்டுபிடித்துச் சொல்லுவாள். ஒரு மழைக்கு மறுநாள் தவளைகள் போட்ட சத்தத்தில் அவளோடு போனில் பேசமுடியவில்லை. அம்மா, பக்கத்தில் என்ன மிஷின் ஓடுகிறது என்று கேட்டாள்.

பறவைகள் வருடத்துக்கு வருடம் அதிகமாகிக்கொண்டே வந்தன. நான் அதை எங்கள் சேற்றின் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சநாள் கழித்துத்தான் விஷயம் உறைத்தது. மேல்தோட்டத்தில் வடிகால் வெட்டிய வருடம் அங்கிருந்த கானாங்கோழிகள் இங்கே வந்தன. அதற்கடுத்த தோட்டத்தைக் காயவிட்டபோது அங்கிருந்த முக்குளிப்பான்கள் வந்தன. இவை விருந்துக்கு வந்தவை அல்ல, போக்கிடம் இல்லாமல் வந்தவை. வரிசை முழுக்க இருந்த குழிகளின் குடித்தனமெல்லாம் ஒரே குழிக்குள் வந்து நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. வராதவையும் இருந்திருக்கும். அவற்றை நான் பார்த்ததே இல்லை என்பதால் எனக்கு அவற்றின் கணக்கும் தெரியாது.

என் கணவர் முதல்முறை பொக்லைன் கொண்டுவந்தது ஒரு கோடையின் கடைசியில். வடிகாலை ஓடையிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டே வந்து, பிறகு குழியின் நடுவில் இறங்கிச் சேற்றை வாரிக் குவிக்க ஆரம்பித்தார்கள். ஒரு குவியல் போட்டதும் வண்டி புதைந்துவிட்டது. முன்னால் போனாலும் இறங்கியது, பின்னால் வந்தாலும் இறங்கியது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. கடைசியில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டிராக்டர்கள் வந்து இழுத்துத்தான் கரையேற்றினார்கள். டிரைவர் பாவம், வண்டியை விட்டு இறங்கித் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வடிகாலின் வாயில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். அந்தக் கதை கல்யாண வீடுகளில் வெகுநாள் ஓடியது. குழியின் நடுவில் அந்த ஒரு மண் குவியல் மட்டும் நின்றுவிட்டது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் திட்டு.

அடுத்த கோடையில் அந்தத் திட்டுக்கு ஒரு ஜோடி வந்தது. கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு, ஊசி மாதிரி அலகு, நம்ப முடியாத நீளத்துக்கு இளஞ்சிவப்புக் கால்கள். பவளக்கால் உள்ளான் என்று மகள் சொன்னாள். பேர் வைத்தவர் அந்தக் காலைப் பார்த்துச் சொக்கிப்போய்த்தான் வைத்திருக்கவேண்டும். திட்டின் உச்சியில் ஒரு சின்னக் குழிவு செய்து, மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூர்முனையெல்லாம் உள்ளே பார்க்க, அழகாக அடுக்கிவைத்திருந்தது.

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. உச்சிவெயிலில் அவை செய்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் முழுசாக அவற்றின் பக்கம் சாய்ந்தேன். முறை மாற்ற வருகிற பறவை நேராகக் கூட்டுக்கு வராது. முதலில் தண்ணீரில் இறங்கி வயிற்று இறகுகளை நன்றாக நனைத்துக்கொள்ளும். பிறகு சொட்டச் சொட்ட வந்து முட்டைகளின் மேல் உட்காரும். அந்த வெயிலில் முட்டைக்குச் சூடு கொடுக்கத் தேவையில்லை, குளிர்ச்சிதான் வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஏ.சி. போட்டும் புலம்பிக்கொண்டிருந்த மாதம் அது.

அதே மாதத்தில்தான், குழியை வடித்து அங்கே நடுவதற்கான தென்னங்கன்றுகளும் வந்து இறங்கின. என் கணவர் அவற்றை வேப்பமர நிழலில் வரிசையாக அடுக்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடிவைத்தார். வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருக்கிற நாட்கள், ஓரம்பும் குறைச்சல். இப்போது வடித்தால்தான் உண்டு. வாய்க்கால் திறந்துவிட்டால் அடுத்த கோடைவரை வண்டி இறங்க முடியாது. பொக்லைனுக்குச் சொல்லியாகிவிட்டது. அது வருவதற்குள் தரை கொஞ்சம் இறுகட்டும் என்று அவரே மண்வெட்டியோடு போய், மூடியிருந்த வடிகால் வாயைத் திறந்துவிட்டார். நான் நடக்கப் போனபோது தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். குஞ்சு பொரிக்க ஒரு மாதம்கூட ஆகாது, அதுவரை பொறுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தண்ணீரைத்தானே வடிக்கிறோம், திட்டில் யாரும் கை வைக்கவில்லையே என்றார். பொக்லைன் வந்தாலும் திட்டைக் கடைசியாக எடுக்கச் சொல்கிறேன் என்றார். நியாயமாகத்தான் பேசினார். அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும் அது அப்போது நியாயமாகவே பட்டது. முட்டை இருப்பது மண்ணில், வடிவது தண்ணீர். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இரண்டாம் நாளே தெரிந்தது. தண்ணீர் இறங்க இறங்கத் திட்டின் கிழக்குப் பக்கத்துச் சேறு வெளியே தெரிந்து, காய்ந்து, கரையோடு சேர்ந்துகொண்டது. அந்தச் சேற்றில் கீரியின் கால்தடம் இருந்தது. அதுவரை அந்தக் கூட்டைக் காவல் காத்தது சுற்றி நின்ற தண்ணீர்தான் என்று எனக்கு அந்தத் தடத்தைப் பார்த்ததும் புரிந்தது. இன்னொரு ஜோடி உள்ளானும் அங்கே இருந்தது. அதற்குத் திட்டு கிடைக்கவில்லை, இருந்தது ஒன்றே ஒன்றுதான். கரையோரமாகக் கோரைக்குப் பக்கத்தில் முட்டையிட்டிருந்தது. மறுநாள் காலையில் அங்கே ஓட்டுச் சில்லுகள்தான் கிடந்தன. அந்த ஜோடி கீச்சுக் குரலில் கத்திக்கொண்டு குழியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. வரிசையில் மற்ற குழிகள் இருந்திருந்தால் அது வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டு போயிருக்கும். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்கு ஒரு குடையையும் ஒரு கம்பையும் எடுத்துக்கொண்டு போய்க் கரையில் நின்றுவிட்டேன். மத்தியானச் சோற்றுக்கும் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்து நாய் வந்தது, விரட்டினேன். கீரி வந்ததா என்று தெரியாது, வந்திருந்தால் அதையும் விரட்டியிருப்பேன். சர்க்கரைக்காரி வேளைக்குச் சாப்பிடாமல் வெயிலில் நிற்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கே தெரியும். என் கணவர் மேட்டிலிருந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தூக்குப்போசியில் சோற்றைக் கொண்டுவந்து கரையில் வைத்துவிட்டு, திரும்பிப் போனார்.

சாயங்காலம் அவர் செய்ததை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். மண் நிரப்பிய சாக்குகளைச் சுமந்துவந்து வடிகாலின் வாயை அடைத்தார். அப்புறம் கிணற்று மோட்டாரிலிருந்து தென்னைக்குப் போகும் குழாயைக் கழற்றிச் சேத்துக்குழிப் பக்கமாகத் திருப்பி மாட்டினார். பாதி வாழ்க்கை அந்தக் குழியிலிருந்து தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்று மண்டையை உடைத்துக்கொண்ட மனிதர், கிணற்றுத் தண்ணீரை இறைத்து அதற்குள் விட்டார்.

"அம்மணி, இனி ஊட்டுக்கு வா. கரண்ட் இருக்கற மட்டும் ஓடட்டும். திட்டுக்கும் கரைக்கும் நடுவுல தண்ணி நின்னுக்குச்சுன்னா கீரி எறங்காது."

அவர் என்னை அம்மணி என்று கூப்பிடுவது அபூர்வம். வீட்டுக்குப் போனேன்.

தினமும் கொஞ்ச நேரம் மோட்டார் ஓடியது, தண்ணீர் மெல்ல ஏறித் திட்டைச் சுற்றிக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இது நல்ல வேடிக்கை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சேறு பத்தலைன்னு கெணத்துத் தண்ணி விடறீங்களாக்கும் என்று கேட்பார். என் கணவர் கன்றுகளின் மேல் கிடந்த சாக்கை நனைக்கப் போய்விடுவார்.

இந்தச் சமயத்தில் வெள்ளகோவிலில் அவருடைய தங்கை வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. சொந்தத் தங்கை வீட்டு விசேஷம். முதல் நாள் பொழுதோடு போய்ச் சேர்ந்து, மறுநாள் பந்தி முடியும்வரை நின்றால்தான் மரியாதை. கிளம்புகிற அவசரத்தில் அவர் ஒன்றை மறந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் எல்லாக் கிணற்று மோட்டாருக்கும் ஆட்டோ மாட்டியிருப்பார்கள். மோட்டாருக்கு வேண்டிய மும்முனைக் கரண்ட் எந்த நேரத்துக்கு வரும் என்று சொல்லமுடியாது. வந்ததும் யாரும் போய்ப் போடாமலே மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும் பெட்டி அது. விவசாயியின் தூக்கத்தைக் காப்பாற்றுகிற பெட்டி. அன்றைக்கு அதை அணைக்காமல் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் பந்தியில் இலை போட்டு, உப்பும் இனிப்பும் வைத்துக்கொண்டு வருகிற நேரத்தில் போன் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர். குரலில் துளிகூடக் கோபம் இல்லை.

"ஏனுங்க, சாப்புட்டுட்டீங்களா? ஒண்ணுமில்லீங்க, உங்க சேத்துக்குழி ரொம்பி எங்க மக்காச்சோளத்துக்குள்ள தண்ணி வந்துட்டிருக்குதுங்க. ராத்திரியிலிருந்து மோட்டார் ஓடுதாட்ட இருக்குதுங்க."

இலை போட்டபிறகு எழுந்து போவது எங்கள் வழக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. அதுவும் தங்கை வீட்டில், அண்ணன்காரர் எழுந்து போவது. என் கணவர் இலையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், எழுந்துவிட்டார். தங்கையின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. மோட்டார் ஓடுதாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். காங்கேயம் தாண்டும்வரை வண்டியின் வேகம் குறையவில்லை. மக்காச்சோளத்துக்காக அவர் அவ்வளவு வேகமாகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, விசேஷத்துக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு அவர் கரைக்கு ஓடிவந்தார். குழி ததும்பி நின்றது. நேற்றுவரை முழங்கால் உயரத்துக்குத் தெரிந்த திட்டு, இப்போது ஒரு சோத்துத்தட்டு அளவுக்குத்தான் வெளியே தெரிந்தது. ஒரு முட்டை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. எல்லாம் போயிற்று என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"சித்த பொறு. அது இன்னும் உக்காந்திருக்குது பாரு" என்றார் அவர்.

உட்கார்ந்துதான் இருந்தது. நேற்று வெறும் குழிவாக இருந்த கூடு இப்போது தண்ணீர் மட்டத்துக்கு மேலே உயர்ந்து நின்றது. கோரை வேர், சம்புத் தண்டு, நத்தை ஓடு, தேங்காய் மட்டையின் நார், சேற்றுக் கட்டி, எது கிடைத்ததோ அதையெல்லாம் போட்டு உயர்த்தியிருந்தது. இன்னும் வேலை முடியவில்லை. ஒரு பறவை தண்ணீரில் நின்றுகொண்டு பக்கத்தில் மிதப்பதை அலகால் எடுத்து எடுத்துக் கூட்டின் பக்கமாக வீசியது. மற்றது முட்டைகளின் மேலிருந்து எழுந்து, விழுந்ததை இழுத்து அடியில் செருகிவிட்டு, மறுபடி உட்கார்ந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஏறியிருக்கிறது. ராத்திரி முழுக்க அவையும் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. மூன்று முட்டைகள் காய்ந்த மெத்தையில் கிடந்தன.

அவர் வேட்டியோடு வடிகாலில் இறங்கி, மேல்சாக்கை மட்டும் எடுத்து, தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டார். சட்டென்று இறக்கினால் கூடு சரிந்துவிடுமாம். நெஞ்சளவு சேற்றில் நின்றுகொண்டே திட்டைப் பார்த்தார். வாழ்நாளில் யாரையும் வாய்விட்டுப் பாராட்டாத மனிதர். என்னுடைய பருப்புக்குழம்புக்குக்கூட, உப்புச் சரியா இருக்குது என்பதுதான் அதிகபட்சப் பாராட்டு.

"ஊத்துனது நாமதான். நாம கொன்னுபோட்டோம்னுதான் வழியெல்லாம் நெனைச்சுட்டு வந்தேன். அது பாரு, ஊட்டையே ஒசத்திக் கட்டிப்போட்டுது."

எனக்கு அந்தப் பறவைகள் மேல் வந்த மரியாதையை எப்படிச் சொல்வது? தண்ணீர் வடிந்தால் அவற்றால் ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் தண்ணீர் ஏறினால் என்ன செய்வது என்று அவற்றுக்குத் தெரியும். மழையும் வெள்ளமும் காலங்காலமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வடிகாலும் பொக்லைனும் வந்து எத்தனை நாள் ஆகிறது? அதற்கு அவை இன்னும் பழகவில்லை, பழகுவதற்கு நாம் நேரமும் கொடுக்கவில்லை.

குஞ்சுகள் பொரித்த காலையில் நான் அங்கே இருந்தேன். பஞ்சுக் கட்டிக்குக் குச்சிக் கால் வைத்த மாதிரி மூன்றும் தடுமாறி நின்றன. இறகு உலர்ந்த கையோடு தண்ணீரில் இறங்கிவிட்டன, யாரும் சொல்லித்தரவில்லை. என் கணவர் பார்க்க வந்தபோது தாய்ப்பறவை அவருக்கு முன்னால் வந்து ஒரு இறக்கையைத் தொங்கவிட்டு நொண்டியது. ஐயோ, அடிபட்டிருக்குது என்று பதறிப்போய் அதன் பின்னாலேயே போனார். கரையின் மறுகோடிவரை அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, அது சாவகாசமாகப் பறந்து குஞ்சுகளிடம் திரும்பிவந்தது. அவர் அங்கேயே நின்று தலையைச் சொறிந்துகொண்டார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

இதற்கு நடுவில் பொக்லைனுக்குச் சொல்லிவைத்திருந்ததையே இரண்டு பேரும் மறந்திருந்தோம். வாய்க்கால் திறப்பதற்குச் சில நாள் முன்னால், குஞ்சுகள் நன்றாக ஓடியாடத் தொடங்கிய பிறகு, வண்டி வந்து நின்றது. அதே டிரைவர்தான். சேத்துக்குழியைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. வண்டி புதையாமல் இருக்க இந்தத் தடவை எந்தப் பக்கமாக இறங்குவது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கன்றுகள் வேப்பமரத்தடியில் இன்னும் சாக்குக்குள் இருந்தன. இது அவருடைய அப்பாவின் நிலம், அவருடைய தலைக்குனிவு. அவர்தான் சொல்லவேண்டும்.

"உள்ள எறங்க வேண்டாங்க. கரையில நின்னுட்டே அந்த வடிகால மொத்தமா மூடிப்போடுங்க. அப்புறம் கை எட்டற வரைக்கும் மண்ண எடுத்து உள்ள இன்னொரு திட்டுப் போட்டுருங்க. இந்தக் கோடையில எடமில்லாம ஒரு சோடி தவிச்சுதுங்க."

வடித்துவிட வரச்சொல்லிவிட்டுத் திட்டுப் போடச் சொல்கிறாரே என்று டிரைவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டார். என் கணவர் நடுவில் இருந்த பழைய திட்டைக் காட்டினார். அது டிரைவரே விட்டுப்போனதுதான்.

கன்றுகளில் பாதியை மேட்டில் கிடைத்த இடத்தில் நட்டோம். மீதியை மக்காச்சோளத்தில் தண்ணீர் விட்டதற்காகப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுத்தோம். அவர் தன்னுடைய பழைய சேத்துக்குழி இருந்த இடத்தில் அவற்றை நட்டிருக்கிறார். நன்றாக வருகின்றன. கல்யாண வீடுகளில் இப்போதும் கேட்கிறார்கள். பொக்லைன் சரியா அமையலீங்க என்று என் கணவர் கூசாமல் பொய் சொல்கிறார். தங்கை வீட்டுக்குப் போய் ஒரு நேரம் முழுசாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தபிறகுதான் அந்த வருத்தமும் தீர்ந்தது.

இந்தக் கோடையில் பவளக்கால் ஜோடி ஒன்று பழைய திட்டுக்கு வந்துவிட்டது. புதுத் திட்டுக்கு நாங்கள் எதிர்பார்த்த ஜோடி வரவில்லை. எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் அது காலியாகவும் இல்லை. ஒரு ஆட்காட்டி ஜோடி அதைப் பிடித்துக்கொண்டு முட்டையிட்டிருக்கிறது. உள்ளானைப் போலச் சாதுவான பிறவி அல்ல அது. கரையில் மனிதத் தலை தெரிந்தால் போதும், வானத்துக்கும் பூமிக்குமாகக் கத்திக்கொண்டு தலைக்கு மேலே பாய்ந்து வரும். நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

மோட்டார் ரூமுக்கு என் கணவர் இப்போதெல்லாம் கரைவழியாகப் போவதில்லை. மேலே ஏறி, தென்னை வரிசைக்கு அந்தப் பக்கமாக வளைந்து, வேலியை ஒட்டி நடந்து போகிறார். முழங்கால் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்கிற மனிதர். நம் தோட்டத்துக்குள்ளேயே எதற்கு இவ்வளவு சுற்று என்று ஒரு நாள் கேட்டேன்.

"அந்தப் பக்கம் போனா அதுக்குப் புடிக்கறதில்ல" என்றார்.